மூச்சு வாங்கும் கார்கள்

2024-ல் ஆகஸ்ட் கடைசி நாளும் செப்டம்பர் முதல் நாளும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் கார் பந்தயம் நடந்தது ஞாபகமிருக்கும். 2023 டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் ஊரையே முக்கிவிட்டுப் போனதில் தள்ளிப்போனது. கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று நாம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன அதே தெருக்கள். மூன்றரை கிலோமீட்டர், 19 திருப்பங்கள். இது தேவையா, யார் காசு என்று ரொம்ப நாள் அடிதடி. அந்தச் சண்டையில் ஒரு சுவாரசியமான சங்கதியை எல்லோரும் கோட்டை விட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு ஓடியவை இரண்டு ஜாதிக் கார்கள். ஒன்று, ஃபார்முலா 4. பதினைந்து வயசுப் பையன்களும் பெண்களும் ஓட்டலாம். 1.3 லிட்டர் ஆல்பைன் இன்ஜின், டர்போ உண்டு, சுமார் 180 குதிரைசக்தி. இன்னொன்று இந்தியன் ரேசிங் லீக்கில் ஓடிய உல்ஃப் என்கிற இத்தாலிய கார். ஏப்ரிலியா மோட்டார் சைக்கிளுக்கென்று பிறந்த 1.1 லிட்டர் வி-4 இன்ஜின். டர்போ கிடையாது. சக்தி சுமார் 220 குதிரை.

இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். இன்ஜின் சின்னது, டர்போ இல்லை, குதிரை மட்டும் அதிகம். 'டர்போ என்றால் பவர்' என்று ஷோரூமில் டை கட்டிய பையன் சொன்னது இங்கே உதைக்கிறது அல்லவா? எங்கே உதைக்கிறது என்று பார்ப்பதுதான் இந்த வாரம்.

பந்தயத் தடத்தில் ஓட்ட டர்போ வைத்த காரா, சாதா காரா? பத்து வருஷத்துக்கு முன்னால் இது பணக்காரர்கள் கவலை. இப்போது அப்படி இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை (1990-ல் வந்தது, 3.7 கிலோமீட்டர்), கோயமுத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே (2003) இரண்டிலும் 'டிராக் டே' நடக்கிறது. ஹெல்மெட், கட்டணம், சொந்தக் கார் இருந்தால் போதும். ஐ.டி. கம்பெனிப் பையன் பேங்க் லோனில் வாங்கிய காரோடு போய் நிற்கிறான். அவனுக்கு யோசனை சொல்பவர்கள் எல்லோரும் பேசுவது ஒரே பாஷை: எத்தனை பிஹெச்பி, எத்தனை டார்க், பூஜ்யத்திலிருந்து நூறுக்கு எத்தனை செகண்ட். கார் விமர்சனங்களும் இதைத்தான் எழுதுகின்றன. என் புகார் இந்த விமர்சனங்கள் மேல்தான். இந்த மூன்று நம்பரில் ஒன்றுகூட, தடத்தில் ஒரு கார் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்வதில்லை.

முதலில் டர்போ என்றால் என்ன? இன்ஜினுக்குப் பெட்ரோல் மாதிரியே காற்றும் தீனி. சாதா இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது, வெளிக்காற்று தன் அழுத்தத்தாலேயே உள்ளே வருகிறது. நாம் மூச்சு விடுகிற மாதிரிதான். கார்க்காரர்கள் இதை 'நேச்சுரலி ஆஸ்பிரேட்டட்' என்பார்கள். வாய் வலிக்காமலிருக்க நாம் சுயமூச்சு இன்ஜின் என்போம். டர்போ இன்ஜினில், சைலன்ஸர் வழியாக வீணாய்ப் போகிற புகையை ஒரு குட்டிக் காற்றாடி மேல் மோதவிடுகிறார்கள். அது சுற்றும்போது, அதே தண்டில் மறுமுனையில் இருக்கிற இன்னொரு காற்றாடியும் சுற்றி, வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று அதிகம் போனால் அதற்கேற்றபடி பெட்ரோலும் அதிகம் எரியலாம். சக்தி கூடும். தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். குப்பையில் போகிற புகையில் சம்பாத்தியம். யோசித்தவன் கெட்டிக்காரன், சந்தேகமே இல்லை.

சிக்கல் எங்கே என்று தெரிய வேண்டுமானால் கன்னியாகுமரிப் பக்கம் வட்டக்கோட்டைக்குப் போக வேண்டும்.

அஞ்சுகிராமம் தாண்டிக் கடற்கரையில் இருக்கிறது. 18-ம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் கட்டிய கருங்கல் கோட்டை. கட்டிக்கொடுத்தவர் டிலனாய். குளச்சல் சண்டையில் 1741-ல் டச்சுக்காரர்கள் பக்கம் நின்று தோற்று, பிறகு ஜெயித்த ராஜாவின் படைக்கே தளபதியான ஆசாமி. கோட்டைக்குப் பெயர் வட்டம். உள்ளே போனால் மூன்றரை ஏக்கரில் ஏறக்குறைய நீள்சதுரம்! பெயரை நம்பி வந்தவர்கள் திகைப்பார்கள். 'சர்க்யூட்' என்கிற வார்த்தையும் இதே மாதிரி ஏமாற்றுப் பேர்வழிதான். வட்டமாகச் சுற்றுவது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது சில நேர்கோடுகளும் நிறைய முக்குகளும். ஜெயிப்பதும் தோற்பதும் முக்குகளில்தான்.

கோட்டைச் சுவரில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தூரத்தில் காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்றுக்காக முப்பந்தல் பக்கம் நட்டுவைத்தவை. ஊர்க்காரர்களுக்கு எல்லாமே 'காத்தாடி'தான். காற்று ஓய்ந்து, திரும்ப வீச ஆரம்பிக்கும்போது கவனியுங்கள். திருவிழாவில் வாங்கிய காகிதக் காற்றாடி உடனே கிர்ரென்று சுற்றிவிடும். அந்தப் பெரிய இறக்கை மட்டும் யோசித்து, சோம்பல் முறித்து, மெதுவாக நகரும். வேகம் பிடித்த பிறகு அதன் சக்தியே வேறு. ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டும்.

இந்தக் காத்திருத்தலுக்குத்தான் 'டர்போ லேக்' என்று பெயர். நீங்கள் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறீர்கள். புகை அதிகமாக வேண்டும், அது காற்றாடியைச் சுற்ற வேண்டும், காற்று அமுங்க வேண்டும், பிறகுதான் சக்தி. சுயமூச்சு இன்ஜினில் மிதித்ததற்கும் கிடைப்பதற்கும் நடுவே இந்தத் தாலுகா ஆபீஸ் கிடையாது.

அரை செகண்டு தாமதம்தானே, இதற்கா இத்தனை பேச்சு என்று கேட்கலாம். மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகிற கார் ஒரு செகண்டில் 28 மீட்டர் ஓடுகிறது. அரை செகண்டுக்கு 14 மீட்டர். மூன்று கார்களை வால்பிடித்து நிறுத்தினால் வருகிற நீளம். அந்த 14 மீட்டர் நேர்ரோட்டில் வந்தால் கவலையில்லை. முக்கின் நடுவில் வந்தால்?

முக்கில் என்ன நடக்கிறது என்பதைச் சம்பளக் கணக்கில் சொல்கிறேன். டயருக்கு ரோட்டைப் பிடிக்கிற சக்தி மாதச் சம்பளம் மாதிரி. இவ்வளவுதான், ஓவர்டைம் கிடையாது. அதிலேதான் பிரேக் பிடிப்பது, திரும்புவது, வேகம் கூட்டுவது மூன்றுக்கும் செலவழிக்க வேண்டும். முக்கின் உச்சியில் மொத்தச் சம்பளமும் திரும்புவதற்கே போய்விடும். ஸ்டியரிங்கை மெல்ல நேராக்க நேராக்கக் கொஞ்சம் காசு மிஞ்சும். அந்த மிச்சத்தை வேகத்துக்குக் கொடுக்கலாம். ஐந்து ரூபாய், பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று சில்லறையாக. நல்ல டிரைவர் என்பவர் இந்தச் சில்லறையை எண்ணிக் கொடுக்கத் தெரிந்தவர். வேகம் என்பது அப்புறம்தான்.

சுயமூச்சு இன்ஜின் நல்ல பலசரக்குக் கடைக்காரர். கால் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு சில்லறை தரும். பெரிய டர்போ வைத்த இன்ஜின், "இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, அரை செகண்ட் கழித்து ஐந்நூறு ரூபாய் நோட்டாக நீட்டும். டயரிடம் அவ்வளவு பாக்கி இல்லை. பின்சக்கரம் வழுக்கும், கார் பின்பக்கம் முன்பக்கமாகும், நீங்கள் புல்லில் நிற்பீர்கள். அடுத்த தடவை பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை லேட்டாக மிதிப்பீர்கள். அதனால் நேரம் போகும். அனுபவசாலிகள், வரப்போகிற நோட்டைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே மிதிப்பார்கள். அது ஒரு தனி வித்தை. வந்தவுடனே யாருக்கும் வராது.

இந்த வித்தையைக் கற்றுக்கொள்ள உலக சாம்பியன்களுக்கே நாளானது. ஃபார்முலா 1-ல் முதல் டர்போ காரை 1977-ல் சில்வர்ஸ்டோனில் ரெனோ இறக்கியது. பாதியிலேயே நின்றுபோனது. அடிக்கடி புகைவிட்டு நின்றதால் 'மஞ்சள் டீ கெட்டில்' என்று கேலி செய்தார்கள். 1979-ல் அதே ரெனோ பிரான்ஸில் ஜெயித்தபோது சிரிப்பு அடங்கியது. 1983-ல் பிகே, பிஎம்டபிள்யூ டர்போவில் உலக சாம்பியன் ஆனார். 1986 வாக்கில், தகுதிச் சுற்றுக்கு மட்டும் ஆயிரம் குதிரைக்கு மேல் கொடுக்கிற ஒன்றரை லிட்டர் இன்ஜின்கள் வந்துவிட்டன. ஆபத்து, செலவு என்று 1989-லிருந்து டர்போவைத் தடை செய்தார்கள். 2014-ல் திரும்பக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை காற்றாடித் தண்டிலேயே ஒரு மின்மோட்டாரைப் பொருத்தி, புகைக்குக் காத்திராமல் சுற்ற வைத்தார்கள். லேக் ஏறக்குறைய ஒழிந்தது. ஆனால் விலை, சிக்கல் இரண்டும் எக்கச்சக்கம் என்று 2026 விதிகளில் அந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். உலகத்தின் மூளைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து அரை நூற்றாண்டாகத் தீர்க்கப் பார்க்கிற பிரச்னையை, ஷோரூம் பையன் 'லேக்கே கிடையாது சார்' என்று ஒரே வரியில் தீர்த்துவிடுகிறான்.

நம்மூர் உதாரணங்களுக்கு வருவோம். கோயமுத்தூர் கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றை ஆள் பந்தயக் கார் செய்தார். அந்த 796 சிசி இன்ஜின், ரோட்டில் ஓடும் மாருதியில் நாற்பது குதிரைகூடத் தராதது. நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் அதில்தான், ஸ்ரீபெரும்புதூரில். இவ்வளவு எளிய இன்ஜினில் ஓட்டினால் என்ன ஆகும் தெரியுமா? முக்கில் வேகத்தை விட்டுவிட்டால் திரும்பப் பிடிக்க வழியே இல்லை. தப்பை மறைத்துவிட இன்ஜினில் உபரிச் சக்தி இல்லை. அதனால் தப்பு செய்யாமலிருக்கப் பழக வேண்டும். அந்தப் பையன் 2005-ல் ஜோர்டான் அணியில் மூன்று லிட்டர் வி-10 இன்ஜினுக்கு முன்னால் உட்கார்ந்தார். அதுவும் சுயமூச்சுதான். (இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்தார். ஆறே கார்கள் ஓடின என்பதைச் சேர்த்துச் சொல்வது நேர்மை.) இன்றைக்கும் கோயமுத்தூர் எல்ஜிபி ஃபார்முலா 4 கார்கள் ஓடுவது மாருதி ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் சாதா இன்ஜினில்தான். நம் பிள்ளைகள் பல பேருக்கு அதுதான் அரிச்சுவடி.

இரண்டு ஜாதியிலும் உட்கார்ந்து பார்த்தவர் வேண்டுமென்றால் நடிகர் அஜித் குமார் இருக்கிறார். 2003-ல் அவர் ஓட்டிய ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஏஷியா காரில் இருந்தது பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிளின் 1.2 லிட்டர் இன்ஜின், சுயமூச்சு. 2010-ல் ஓட்டிய ஃபார்முலா 2 கார், ஆடியின் 1.8 லிட்டர் டர்போ, 400 குதிரைக்கு மேல். சென்னைக்காரர் அர்மான் இப்ராகிமும் அதே சீஸனில் ஓடினார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததே, அந்த போர்ஷே ஜிடி3 கப் கார் மறுபடி சுயமூச்சு. நான்கு லிட்டர், ஆறு சிலிண்டர், 510 குதிரை. டிரைவர்கள் மாறி மாறி, ராத்திரி பகல் பாராமல் 24 மணி நேரம் ஓட்ட வேண்டிய காரில் போர்ஷே ஏன் டர்போ வைக்கவில்லை? டர்போ செய்யத் தெரியாத கம்பெனியா அது? அரைத் தூக்கத்தில் ராத்திரி மூன்று மணிக்கு ஓட்டுகிறவனுக்கு, மிதித்தால் என்ன வரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இன்ஜினும் எளிமையாக இருக்க வேண்டும். ஜிடி3 காரர்கள் சொல்லும் காரணங்களில் இவை இரண்டும் முக்கியம்.

போர்ஷேயின் ரோட்டுக் கார்களிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்று 20.8 கிலோமீட்டர் தடம். 2021-ல் சுயமூச்சு 911 ஜிடி3, 510 குதிரை, அதை 6 நிமிஷம் 59.9 செகண்டில் சுற்றியது. 2025-ல் 911 டர்போ எஸ், 711 குதிரை, லேக்கைக் குறைக்க டர்போவுக்குள்ளேயே மின்மோட்டார் வேறு, 7 நிமிஷம் 3.9 செகண்ட். இருநூறு குதிரை கூடுதல், நான்கு செகண்டு தாமதம்!

உடனே சுயமூச்சுக் கட்சிக்காரர்கள் பட்டாசு வெடிக்க வேண்டாம். டர்போ எஸ் ஏறக்குறைய 300 கிலோ அதிக எடை. குடும்பத்தோடு ஊருக்குப் போக வசதியாகச் செய்த கார். ஜிடி3-யில் பெரிய இறக்கை, தடத்துக்கென்றே டயர். எடையைக் குறைத்து, பட்டை தீட்டிய டர்போவான 911 ஜிடி2 ஆர்எஸ், 700 குதிரை, தடத்துக்கான தனிப் பொருத்தல்களோடு 2021-ல் அதே தடத்தை 6 நிமிஷம் 43.3 செகண்டில் சுற்றிவிட்டது. ஆக, நேரம் ஒன்றே குறி, ஓட்டுபவரும் சூரர் என்றால் டர்போ ஜெயிக்கும். அந்தக் காரைச் சுற்றியவர் அதையே தொழிலாகக் கொண்டவர் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

டர்போவைத் திட்டுவது சுலபம். சுயமூச்சுப் பக்தர்களிடம், மைக் வைத்துப் பாடினால் சங்கீதமே இல்லை என்று சொன்ன பழைய சபா மாமாக்களின் வாசனை அடிக்கிறது. மலை மேல் காற்று மெலிந்திருக்கும். ஊட்டி உயரத்தில் (2,240 மீட்டர்) சுயமூச்சு இன்ஜினுக்குக் கிடைக்கிற காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ அங்கே கூடக் கொஞ்சம் சுற்றி ஈடுகட்டும். நீளமான நேர்ரோடு உள்ள தடத்தில் டர்போ கார் எதிராளியை அநாயாசமாக முந்தும். 2010-ல் ஃபோக்ஸ்வாகன் இந்தியாவில் நடத்திய போலோ கப்பில் 130 குதிரை டீசல் டர்போ கார்கள் ஓடி, டீசல்காரனுக்கும் பந்தயத்துக்கும் சம்பந்தமில்லை என்ற நம்பிக்கையை உடைத்தன.

இப்போது தீவுத்திடல் புதிருக்கு வரலாம். குழந்தைகள் கையில் டர்போ, பெரியவர்கள் கையில் சுயமூச்சு, அதிலும் பெரியவர்கள் காரில்தான் குதிரை அதிகம். ஏன்? சக்திக்கு இரண்டு வழி. ஒவ்வொரு சுற்றிலும் நிறையக் காற்றைத் திணிக்கலாம். இல்லாவிட்டால் அதிக தடவை சுற்றலாம். ஏப்ரிலியா இன்ஜின் நிமிஷத்துக்கு 13,000 சுற்றுப் பக்கம் போய்ச் சம்பாதிக்கிறது. அப்படிக் கத்துகிற இன்ஜினுக்கு அடிக்கடி வைத்தியம் பார்க்க வேண்டும். ஃபார்முலா 4-ன் டர்போ சின்னது, காகிதக் காற்றாடி ரகம். உடனே சுற்றும். இன்ஜினைக் கதற விடாமல் அளவாகச் சக்தி கொடுக்கும், நாள்பட உழைக்கும், பெற்றோர் பர்ஸ் கொஞ்சம் பிழைக்கும். பையனுக்குக் காசு மிச்சம் பிடிக்க வைத்த டர்போ இது. ரோட்டில் ஆளை இருக்கையோடு அமுக்க வைத்த டர்போவோடு இதற்குப் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். 'டர்போ' என்று ஸ்டிக்கரைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்பது இதனால்தான். காற்றாடி எவ்வளவு பெரிசு, சக்தி எந்தச் சுற்றில் வந்து சேர்கிறது என்று கேட்க வேண்டும். கார் விமர்சனம் எழுதுகிறவர்கள், மூன்றாம் கியரில் முக்கின் நடுவில் பாதி மிதித்தால் என்ன ஆகிறது என்று ஒரே ஒரு பாரா எழுதினால் கோடி புண்ணியம்.

அடுத்து, வெயில். ஜெர்மன்காரன் பட்டியலில் இது வராது. காற்று பத்து டிகிரி சூடானால் அடர்த்தி சுமார் மூன்று சதவிகிதம் குறையும். இரண்டு ஜாதி இன்ஜினுக்கும் நஷ்டம்தான். டர்போவுக்குக் கூடுதல் தொல்லை. காற்றை அமுக்கினாலே அது கொதிக்கும். (சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும்.) அதைக் குளிரவைக்க முன்னால் இன்டர்கூலர் வைத்திருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஜூன் மாத மத்தியானம் நான்கு சுற்று விரட்டினால் இன்டர்கூலரே அடுப்பாகிவிடும். இன்ஜின் கம்ப்யூட்டர் பயந்துபோய்ச் சக்தியைக் குறைக்கும். முதல் சுற்றில் பாய்ந்த புலி ஐந்தாவது சுற்றில் பால் குடிக்கும். தினுசு தினுசாக மாறுகிற காரை வைத்துக்கொண்டு பழகுவது கஷ்டம். நேரம் குறைந்தது நம்மாலா, காராலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வட்டக்கோட்டை வாசலில் ஒரு தம்பியைப் பார்த்தேன். புது டர்போ காரை வெயில் படாமல் நிழல் பார்த்து நிறுத்திக்கொண்டிருந்தான். பானெட்டைத் திறந்து காட்டினான். லேப்டாப்பைச் செருகி 'ரீமேப்' பண்ணி, கூடுதலாக இருபது குதிரை ஏற்றியிருக்கிறானாம்.

"அண்ணாச்சி, மிதிச்சா சும்மா பறக்கும் பாத்துக்கிடுங்கோ."

"பறக்கட்டும் மக்ளே. எறங்கதுக்கு எடம் பாத்து வச்சிருக்கியா?"

சிரித்தான். "காலம்பற அஞ்சு மணிக்கு நாலுவழிச் சாலையில ஒரு குஞ்சு இருக்காது அண்ணாச்சி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலை ஐந்து மணிக்கு அந்தச் சாலையில் பால்காரர் இருப்பார், மீன் எடுக்கப் போகிற பெண்கள் இருப்பார்கள், திருச்செந்தூருக்கு நடக்கிற பாதயாத்திரைக்காரர்கள் இருப்பார்கள். டர்போ காரின் குணம், ரொம்பக் குறைந்த சுற்றிலேயே தள்ளிவிடுவது. சத்தமும் அதிகம் வராது. சைலன்ஸருக்குப் போகிற புகையின் சக்தியைத்தான் காற்றாடி பிடுங்கிக்கொள்கிறதே. எண்பதில் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு நூற்றிருபதில் போவோம். சுயமூச்சு இன்ஜின் வேகமாகப் போக வேண்டுமென்றால் ஊர் கேட்கக் கத்தியாக வேண்டும். கத்தும்போது நமக்கே கொஞ்சம் கூச்சம் வந்து காலை எடுப்போம். அந்தக் கூச்சம் உயிர் காக்கும்.

அந்தத் தம்பிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பக்கத்தில் தடம் எதுவும் கிடையாது. செட்டிபாளையத்துக்கு நானூறு கிலோமீட்டர். இருங்காட்டுக்கோட்டைக்கு எழுநூறு கிட்ட. லண்டன்காரன் மாதிரி காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போக நமக்கு வசதியில்லை. எந்தக் காரில் தடத்தில் விரட்டுகிறோமோ அதிலேயேதான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், திங்கட்கிழமை ஆபீஸுக்கும் போக வேண்டும். ஆகவே நமக்கு வேண்டியது, அடி வாங்கினாலும் வீடு வந்து சேர்கிற கார்.

என் தீர்ப்பு இது. தடத்துக்குப் புதுசு என்றால் சுயமூச்சு, எடை குறைவு, கையால் கியர் போடுவது. பழைய ஸ்விஃப்ட்டோ, நன்றாகப் பார்த்துக்கொண்ட பழைய ஹோண்டா சிட்டி விடெக்கோ போதும். நூறு குதிரை தாராளம். மிச்சக் காசை இன்ஜினில் போடாதீர்கள். நல்ல டயர், நல்ல பிரேக் பேடு, புது பிரேக் ஆயில். இந்த மூன்றில் போட்டால், இருபது குதிரை ஏற்றுவதைவிட அதிக நேரம் மிச்சமாகும், உயிரும் மிச்சமாகும். பத்துப் பதினைந்து தடவை போய்வந்த பிறகு, சுற்றுக்குச் சுற்று உங்கள் நேரம் அரை செகண்டுக்குள் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். வந்தால் உங்களுக்குச் சில்லறை எண்ணத் தெரிந்துவிட்டது. அப்புறம் டர்போவுக்குப் போங்கள். தயக்கமே வேண்டாம், அது வேறொரு சந்தோஷம்.

ஏற்கெனவே டர்போ கார்தான் கையில் இருக்கிறதா? விற்க வேண்டாம். ரீமேப் மட்டும் வேண்டாம். நான்கு சுற்று விரட்டினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டிக் காற்று வாங்க விடுங்கள். உள்ளே வந்தவுடன் சாவியைத் திருப்பி அணைத்துவிடாதீர்கள். லட்சம் சுற்றில் பழுக்கக் காய்ந்த தண்டில் ஆயில் நின்றுபோனால் அங்கேயே கருகி ஒட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு நிமிஷம் ஓடவிட்டு அணையுங்கள். ஆயிலைக் கம்பெனி சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே மாற்றுங்கள்.

சுயமூச்சுக் கார்கள் குறைந்துகொண்டே வருகின்றன. புகை விதிகள் இறுக இறுக, சின்ன இன்ஜினில் டர்போ வைப்பதுதான் கம்பெனிகளுக்குச் சௌகரியம். இப்போது ஷோரூமில் 'ஸ்போர்ட்' என்று எழுதிய வண்டிகளில் பெரும்பாலும் டர்போதான். அதனால் அடுத்த தலைமுறைக்கு இந்தக் கேள்வியே இல்லாமல் போகலாம். இருக்கிற வரைக்கும், கற்றுக்கொள்ள ஒரு நல்ல வாத்தியார் செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறார். கூட்டிக்கொண்டு தடத்துக்குப் போய்வாருங்கள். போகிற அந்த நானூறு கிலோமீட்டரில் மட்டும் எண்பதைத் தாண்டாதீர்கள்.